முதல் அரை நாளிலேயே கேட்டுவிடுங்கள்: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துணை நிற்பது

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருநாள் காலையில் எழுந்து "இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டேன்" என்று முடிவெடுப்பதில்லை. முதலில் திங்கட்கிழமைகள் விடுபடும். பிறகு மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியடுகள். ஊரில் கோயில் கொடையோ மாரியம்மன் திருவிழாவோ வந்தால் இரண்டு நாள் நான்காகும். அரையாண்டுத் தேர்வும் பொங்கல் விடுமுறையும் முடிந்து எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அவன் இடம் மட்டும் காலியாக இருக்கும். விசாரித்தால் பக்கத்துப் பையன் சொல்வான்: "அவன் கேட்டரிங்குக்குப் போறான் சார், முகூர்த்த நாள்ல நல்ல காசாம்."

அந்த நேரத்தில் வீட்டுக்குப் போய்ப் பேசி அழைத்துவருவது மிகவும் கடினம். கையில் காசு பார்த்தாயிற்று, பாடம் ஒரு மாதம் போயிற்று, திரும்பி வரக் கூச்சமும் சேர்ந்தாயிற்று. முதல் அரை நாளிலேயே கேட்டிருந்தால் வேலை பத்தில் ஒரு பங்குதான்.

தமிழ்நாட்டில் அரசு உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு உதவித்தொகை, மதிய உணவு, பேருந்துப் பயணம், மருத்துவப் பரிசோதனை, தேர்வுச் சலுகை என்று ஏராளமாக இருக்கின்றன. இருந்தும் அவை பிள்ளையின் கைக்கு வராமல் போகின்றன. காரணம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும்: இனிஷியல் மாறிப்போன பெயர், முடங்கிக் கிடக்கும் வங்கிக் கணக்கு, கடந்துபோன கடைசித் தேதி. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. எட்டாம் வகுப்போடு அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் பிள்ளையைப் பிடித்து வைத்திருப்பது வகுப்பாசிரியரின் கண்தான். அந்தக் கண் எங்கெங்கே பார்க்க வேண்டும், எங்கே தவறவிடுகிறது என்பதை ஜூனில் தொடங்கி அடுத்த ஜூன் வரை வரிசையாகச் சொல்கிறோம்.

போன் நம்பரும் அரை நாள் கணக்கும்

பள்ளிக்கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதிந்து வைத்திருக்கும் எமிஸ் தளத்தில் உள்ள கைபேசி எண்ணில் பாதி உயிரோடு இருக்காது. அப்பா சிம்மை மாற்றியிருப்பார், அல்லது ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்ட மாமாவின் எண் இருக்கும். ஜூன் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு எண் வாங்க வேண்டும்: ஒன்று அம்மாவுடையது, இன்னொன்று பக்கத்து வீட்டிலோ ஒரே தெருவிலோ இருப்பவருடையது. வாங்கிய அன்றே அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். எழுதி வைத்த எண் தப்பு என்பது தேவைப்படும் நாளில் தெரிந்து பயனில்லை.

பிள்ளை வராத நாளில் முதல் பீரியடு முடிவதற்குள் வீட்டுக்குப் போன் போக வேண்டும். எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏம்மா பையன அனுப்பல?" என்று தொடங்கினால் அந்த அம்மா அடுத்த முறை போனை எடுக்கமாட்டார். "தம்பி இன்னிக்கு வரலையேம்மா, உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டால் உண்மை வரும். பல வீடுகளில் அந்தப் போன் வந்த பிறகுதான் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்பதே தெரியும். அப்படியானால் போனை வைக்கும் முன் ஒரு வார்த்தை கட்டாயம் சொல்ல வேண்டும்: "அடிக்காதீங்கம்மா, நாளைக்கு என்கிட்ட நேரா வரச் சொல்லுங்க." அன்று மாலை அடி விழுந்தால் மறுநாளும் அவன் வரமாட்டான், நம் போன்தான் அதற்குக் காரணமாகிவிடும்.

அதிகாரப்பூர்வ வருகைப் பதிவு செயலியில் போகட்டும். வகுப்பாசிரியரிடம் தனியாக ஒரு நோட்டு இருக்க வேண்டும், பிள்ளைக்கு ஒரு பக்கம். தேதி, காலையா பிற்பகலா, என்ன காரணம், காரணத்தைச் சொன்னது யார் என்ற நான்கு கட்டம் போதும். நான்காவது கட்டம்தான் முக்கியம். காரணத்தை எப்போதும் கூட்டாளிப் பையனே சொல்லிக்கொண்டிருந்தால் வீட்டோடு நமக்குத் தொடர்பு இல்லை என்று பொருள். ஒரு மாதத்தில் காரணம் தெரியாத அரை நாள் மூன்று சேர்ந்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. போகும்போது பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் பேச்சு எளிதாக இருக்கும். அதே தெருக்காரராக இருந்தால் இன்னும் நல்லது.

மாதத்தில் மூன்று நான்கு நாள் ஒரே இடைவெளியில் மாணவி வராமல் இருந்தால் நோட்டே காட்டிக்கொடுக்கும். அங்கே அறிவுரைக்கு வேலையில்லை. கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, வாளியும் தண்ணீரும் இருக்கின்றனவா, நாப்கினை யாரிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அரசு தரும் நாப்கின் அலுவலக பீரோவில் பூட்டிக் கிடந்தால், அதை ஆண் ஆசிரியரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டுமென்றால், பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடும். மாணவியர் கழிப்பறைக்கு அருகில் ஓர் அலமாரியில் வைத்து, பொறுப்பை இரண்டு மாணவிகளிடம் கொடுத்தால் கேட்கவே வேண்டியதில்லை.

பத்து நாள் கழித்துத் திரும்பி வரும் பிள்ளையை வகுப்பில் நிற்கவைத்துக் கேள்வி கேட்கக் கூடாது. அவனுக்கு இருக்கும் பெரிய பயம் எழுதாமல் விட்ட நோட்டுகள். ஐந்து பாடத்துக்கும் எழுதி முடி என்றால் மறுபடி நின்றுவிடுவான். விட்ட பாடத்தில் எதை மட்டும் எழுத வேண்டும் என்று ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு பக்க அளவுக்குக் குறித்துக்கொடுத்தால், ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம்.

வெறும் வயிறு, மங்கிய பலகை

காலை இறை வணக்கக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுவதை வெயிலின் தலையில் போடுவது வழக்கம். "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டால் பெரும்பாலும் "டீ" என்றுதான் பதில் வரும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மதிய உணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. ஆனால் மீசை அரும்பும் வயதில் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கப் பையன்கள் வெட்கப்படுகிறார்கள். பெயரைக் கொடுக்காமலே இருந்துவிடுகிறார்கள். ஆசிரியர் ஒருவர் அவர்களோடு உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட்டால் அந்த வெட்கம் இரண்டு வாரத்தில் போய்விடும். இதற்கு வேறு எந்த வழியும் இவ்வளவு நன்றாக வேலை செய்வதில்லை.

வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறது. அதை முதல் பீரியடில் கொடுத்தால், வெறும் வயிற்றில் குமட்டும். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் அடுத்த வாரம் பத்துப் பிள்ளைகள் மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்துவிடும். மதியச் சாப்பாடு முடிந்த பிறகு, ஆசிரியர் கண்முன்னே விழுங்கவைக்க வேண்டும். டீ குடித்த சூட்டோடு கொடுக்கக் கூடாது, இரும்புச்சத்து உடம்பில் சேராது. மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம் என்று முதல் வாரமே சொல்லிவிட்டால் வீட்டிலிருந்து சண்டைக்கு வரமாட்டார்கள். குடற்புழு நீக்க மாத்திரை ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். அன்று வராத பிள்ளைகளின் பெயரை எழுதி வைத்து, விடுபட்டோருக்கான நாளில் கொடுத்துவிட வேண்டும்.

கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளையைக் காப்பியடிக்கிறான் என்று திட்டும் முன், அவனைக் கடைசி பெஞ்சிலிருந்து பலகையில் உள்ள தேதியைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் அப்படிப்பட்ட பெயர்களை முன்கூட்டியே பட்டியலாகக் கொடுத்தால் கண்ணாடி இலவசமாகக் கிடைத்துவிடும். கண்ணாடி வந்த பிறகும் பாதிப் பேர் போடமாட்டார்கள், கேலிக்குப் பயந்து. அதையும் வகுப்பில் பேச வேண்டியிருக்கிறது.

பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும் பெயரும் பிறந்த தேதியும்தான் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும். பாஸ்போர்ட், வேலை, பென்ஷன் என எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். சான்றிதழ் வந்த பிறகு திருத்துவதென்றால் மாதக்கணக்கில் அலைய வேண்டும். பொதுத்தேர்வு எழுதுவோரின் பெயர்ப்பட்டியலான நாமினல் ரோல் போகும் முன் திருத்துவதென்றால் ஐந்து நிமிடம். எமிஸில் உள்ள விவரம்தான் நாமினல் ரோலுக்குப் போகிறது.

ஆகவே ஜூலையிலேயே ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் அச்செடுத்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்ப வேண்டும். "சரிதானா, கையெழுத்துப் போட்டுக் கொண்டு வா" என்றால் எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவருவார்கள். பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து, பிள்ளையையே எழுத்தெழுத்தாகப் படித்து டிக் அடிக்கவைப்பதே சரியான முறை. வழக்கமாகப் பிழை வரும் இடங்கள் இவை: தமிழில் 'செ' என்றிருக்கும் இனிஷியல் ஆங்கிலத்தில் ஓர் இடத்தில் ஒரு எழுத்தாகவும் மற்றோர் இடத்தில் வேறு எழுத்தாகவும் இருப்பது, ஆதாரில் இனிஷியலுக்குப் பதில் அப்பாவின் முழுப்பெயர் இருப்பது, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வயது போதவில்லை என்று ஜூனுக்கு இழுத்து எழுதிய பிறந்த தேதி, வீட்டில் கூப்பிடும் பெயரே பள்ளிப் பெயராகிவிட்டது. இவற்றில் பிறந்த தேதிச் சிக்கல்தான் கடினம், அதை முதலில் எடுக்க வேண்டும்.

15 வயதில் ஆதாரில் கைரேகையையும் கருவிழியையும் மீண்டும் பதிய வேண்டும். பத்தாம் வகுப்பில் வந்து விழும் வேலை இது. விட்டுவிட்டால் ஆதார் சரிபார்ப்பு தோல்வியடைந்து உதவித்தொகை நிற்கும். காரணமும் யாருக்கும் புரியாது.

வங்கிக் கணக்கில் நடக்கும் குழப்பத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "ஆதார் லிங்க் பண்ணியாச்சு" என்று வங்கியில் சொல்லுவார்கள். வங்கி தன் கணக்கில் ஆதார் எண்ணைப் பதிந்துகொள்வது ஒன்று. அந்தக் கணக்குக்குத்தான் அரசுப் பணம் வர வேண்டும் என்று, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ. அமைப்பின் பட்டியலில் ஏற்றுவது வேறு. இரண்டாவது நடக்காவிட்டால் பணம் வராது. பிள்ளைக்கு இரண்டு கணக்கு இருந்தால், அந்தப் பட்டியலில் கடைசியாக ஏறிய கணக்குக்குப் பணம் போய்விடும். வீட்டில் பழைய பாஸ்புக்கை வரிவரியாகப் பார்த்துவிட்டு "பணமே வரல" என்பார்கள். எந்த வங்கி ஏறியிருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை பகுதியில் பார்க்கலாம். அதற்கு ஓ.டி.பி. வரும் கைபேசி எண் ஆதாரோடு சேர்ந்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டு போடுவதும் எடுப்பதும் இல்லாமல் கிடந்த கணக்கு செயலற்றதாகிவிடும். ஆறாம் வகுப்பில் திறந்த கணக்குகள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கும். ஐம்பது ரூபாய் போட்டு ஐம்பது ரூபாய் எடுக்கச் சொல்லுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை.

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று மூன்றையும் இ-சேவை மையத்தில் ஒரே நாளில் விண்ணப்பிக்கவைப்பது நல்லது. அப்பாவுக்குக் கூலி வேலை என்றால் ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு நாள் கூலி போய்விடும். வருமானச் சான்றைப் பழையதே போதும் என்று விட்டுவிடாதீர்கள். நடப்பு ஆண்டுக்குத்தான் கேட்பார்கள்.

உதவித்தொகைத் தேர்வுகள்

எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். எனப்படும் தேசிய வருவாய்வழி, திறன்வழி உதவித்தொகைத் தேர்வில் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறன் 90 வினா, படிப்பறிவு 90 வினா, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். தேர்வுக்குத் தயார்செய்வதில் காட்டும் அக்கறை அதற்குப் பிறகு காணாமல் போகிறது. இந்தத் தொகை ஆண்டுதோறும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்கப்பட வேண்டும். எட்டாம் வகுப்பு நடுநிலைப் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளிக்கு வரும் பிள்ளை தேர்வானவர் என்பது புதிய பள்ளிக்குத் தெரியவே தெரியாது, புதுப்பிக்காமல் போய்விடும். சேர்க்கையின்போதே "என்.எம்.எம்.எஸ். பாஸா?" என்று கேட்பதற்கு ஒரு நொடிகூட ஆகாது. பதினொன்றாம் வகுப்பில் தொடர்ந்து வாங்கப் பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 55. இதைப் பிள்ளையிடம் ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

ஊரகப் பகுதிப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புக்கு ட்ரஸ்ட் எனப்படும் ஊரகத் திறனாய்வுத் தேர்வு உண்டு; மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். தொகை சிறியது, ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான். ஆனாலும் எழுதவையுங்கள். பொதுத்தேர்வுக்கு முன் வெளியிடத்தில், தெரியாத கண்காணிப்பாளர் முன்னால் ஒரு தேர்வு எழுதிப் பழகிய பிள்ளையின் கை மார்ச்சில் நடுங்காது.

மெல்ல மலரும் பிள்ளைகளுக்குக் கணக்கில் 35

காலாண்டு முடிந்ததும், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு மினிமம் மெட்டீரியலை, அதாவது தேர்ச்சிக்கு மட்டும் போதுமான சுருக்கக் குறிப்பை, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு, மாலை வகுப்பில் உட்காரவைத்து "படி" என்று சொல்வது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. அதனால் தேறும் பிள்ளைகள் குறைவு. வாசிக்கவே தடுமாறும் பிள்ளைக்குப் படி என்பது கட்டளையாக மட்டும்தான் கேட்கிறது. செய்யவைக்க வேண்டும், கையால்.

கணிதத் தாளின் அமைப்பைப் பாருங்கள்: ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10, எட்டு மதிப்பெண்ணில் 2. அந்த இரண்டு எட்டில் ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். இரண்டிலும் 'அல்லது' இருக்கும். 16 மதிப்பெண்ணும் கையால் வரைந்து எடுப்பவை. சூத்திரம் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை குறைவு. புத்தகப் பயிற்சியில் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்களை விடையோடு நாளுக்கு ஐந்தாகப் பழக்கினால் 14-இல் 9 வரும். 16-உம் 9-உம் 25. இரண்டு மதிப்பெண் வினாவில் ஐந்தைச் சரியாக எழுதினால் இன்னும் 10, மொத்தம் 35, தேர்ச்சிக்கு அது போதும். இந்தக் கூட்டலை அந்தப் பிள்ளையின் நோட்டு முதல் பக்கத்தில் அவன் கையாலேயே எழுதவையுங்கள். "என்னால முடியாது சார்" என்பவனுக்கு எந்த அறிவுரையைவிடவும் இந்த எண்கள் நம்பிக்கை தரும்.

வரைபடத்தில் மதிப்பெண் போவது எங்கே? இருபடிச் சமன்பாட்டு அட்டவணையில் மைனஸ் 3-ஐ வர்க்கப்படுத்தி மைனஸ் 9 என்று எழுதுவார்கள். ஒரு புள்ளி தவறினால் வளைவரை கோணிக்கொள்ளும். கோணியதைப் பார்த்ததும் தவறு இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் சரியான பரவளையம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறும். அளவுத்திட்டம் எழுத மறப்பார்கள். வளைவரையை அளவுகோல் வைத்து நேர்க்கோடுகளாக இணைப்பார்கள். எல்லாம் வரைந்துவிட்டு விடையை வாக்கியமாக எழுதாமல் விடுவார்கள். வடிவியலில் உதவிப்படத்தை விட்டுவிடுவதும், காம்பஸில் மொட்டைப் பென்சிலை மாட்டி வரைவதும் பொதுப் பிழைகள். பென்சில் சீவுவதைக்கூட வகுப்பில் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். ஆளுக்கு ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ் இருக்கிறதா என்பதை நவம்பரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15. பிப்ரவரியில் செய்முறைக்கு வராமல் போன பிள்ளை, எழுத்தில் எவ்வளவு எடுத்தாலும் தேர்ச்சி பெற முடியாது. அந்த நாளின் முந்தின மாலை, மேலே சொன்ன நோட்டில் அடிக்கடி பெயர் வரும் பிள்ளைகளுக்கெல்லாம் போன் செய்ய வேண்டும். காலையில் வரவில்லையென்றால் வண்டி எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். ஆண்டு முழுதும் போட்ட உழைப்பு அந்த ஒரு காலையில் போய்விடக் கூடாது.

பொதுத்தேர்வில் 10 மணிக்கு வினாத்தாள் கையில் வரும். 10 நிமிடம் படிக்க, 5 நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, 10.15-க்கு எழுதத் தொடங்கி 1.15-க்கு முடியும். அந்தப் பத்து நிமிடத்தைத் திருப்புதல் தேர்வுகளிலும் அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். தெரிந்த வினாக்களின் எண்களை மனதில் வரிசைப்படுத்தப் பழகாத பிள்ளை, அந்த நேரத்தில் தெரியாத வினாவைப் பார்த்துப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும்.

வாயால் சொல்பவன், தாளில் எழுதாதவன்

கேள்வி கேட்டால் வாயால் நன்றாகப் பதில் சொல்வான், எழுதச் சொன்னால் வெறும் தாள். ஒரே சொல்லை ஒரு பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவான். இவர்களைச் சோம்பேறி என்று ஒன்பது ஆண்டு சொல்லியே பத்தாம் வகுப்புக்குக் கொண்டுவந்திருப்போம். கற்றல் குறைபாடாக இருக்கலாம் என்று தோன்றிய உடனே வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அழைக்க வேண்டும். குறைபாடு உறுதியானால் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு போன்ற சலுகைகள் தேவைக்கேற்பக் கிடைக்கும். அரசு மருத்துவமனையின் சான்று வேண்டும். சான்று வாங்க இரண்டு மூன்று முறை போக வேண்டிவரும், அதனால் ஜூலையில் தொடங்க வேண்டும். ஜனவரியில் தொடங்கியவர்கள் பெரும்பாலும் தேர்வுக்குள் முடிக்க முடிவதில்லை. மொழி விலக்கு வேண்டுமா என்பதை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். பின்னால் படிக்கப்போகும் படிப்புக்கு அந்தப் பாடம் தேவைப்படலாம்.

சொல்வதை எழுதுபவரைப் பிள்ளை தேர்வு நாளில்தான் முதன்முதலாகப் பார்க்கிறது. கமா எங்கே, புதிய பத்தி எங்கே, படத்தை எப்படி விவரிப்பது என்பதெல்லாம் பழக்கமில்லாமல் இருவரும் திணறுவார்கள். திருப்புதல் தேர்வுகளில் வேறு யாரையாவது உட்காரவைத்துச் சொல்லி எழுதவைக்கும் பயிற்சியைக் கொடுத்துவிட்டால், யார் வந்தாலும் பிள்ளை சமாளித்துக்கொள்ளும்.

பேச ஓர் இடம்

பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடுவதற்கான 'மாணவர் மனசு' பெட்டி பல பள்ளிகளில் தலைமையாசிரியர் அறை வாசலில் தொங்குகிறது. எல்லோரும் பார்க்க அதில் சீட்டுப் போடும் தைரியம் எந்தப் பிள்ளைக்கும் வராது. தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழியில் மாட்டுங்கள். இன்னொரு வழி இதைவிட நல்லது: மாதம் ஒருநாள் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே அளவுச் சீட்டுக் கொடுத்து, சொல்ல எதுவும் இல்லையென்றால் 'ஒன்றுமில்லை' என்று எழுதி, எல்லோரும் வரிசையாகப் போய்ப் போடவைப்பது. சொல்ல வேண்டியது இருக்கும் பிள்ளை அந்தக் கூட்டத்தில் மறைந்துகொள்ளும். பெட்டியைத் திறந்து படித்த பின், குழாய் உடைந்தது போன்ற சின்னப் புகாரை அந்த வாரமே சரிசெய்துவிட வேண்டும். அதைப் பார்த்துத்தான் பெரிய விஷயத்தை எழுதும் பிள்ளைக்கு நம்பிக்கை வரும்.

பாலியல் தொல்லை பற்றி ஒரு பிள்ளை வாய் திறந்தால் ஆசிரியர் செய்ய வேண்டியது மிகக் குறைவு. ஆனால் பிழையில்லாமல் செய்ய வேண்டும். இடைமறிக்காமல் கேளுங்கள். "யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்ப விவரம் கேட்காதீர்கள், நாலு ஆசிரியர் முன் மறுபடி சொல்லவைக்காதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரியவந்ததைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்; மறைத்தால் தண்டனை உண்டு. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று உள்ளுக்குள்ளேயே பேசி முடிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. பிள்ளையின் அடையாளம் எந்த வழியிலும் வெளியே போகக் கூடாது, வாட்ஸ்அப் குழு உட்பட. குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளிக்கல்வி உதவிக்கு 14417, மனநல உதவிக்கு 14416. இந்த மூன்று எண்ணையும் ஒவ்வொரு பிள்ளையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

கடைசித் தேர்வன்று வகுப்பில் "மே மாசம் அவளுக்குக் கல்யாணம்" என்று கிசுகிசு வந்தால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேர்வு முடியும்வரைதான் பல வீடுகள் காத்திருக்கின்றன. அன்றே 1098.

பத்துக்குப் பிறகு

நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையைப் பதினொன்றுக்குத் தனியார் பள்ளியில் சேர்க்க வீட்டில் ஆசைப்படுவார்கள். அதற்கு முன் அவர்களிடம் ஒரு கணக்கைச் சொல்லிவிட வேண்டும். மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அந்த இடங்களுக்குக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. உயர்கல்வி சேரும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய். இவற்றுக்கெல்லாம் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் தொடர்ந்து படித்திருப்பதே அடிப்படை. இரண்டு ஆண்டுக்காக மாறினால் இவை கைவிட்டுப்போகும். முடிவு அவர்களுடையது, ஆனால் தெரிந்து எடுக்கட்டும். இந்தப் பேச்சை மே மாதத்தில் பேசிப் பயனில்லை, அதற்குள் அட்வான்ஸ் கட்டியிருப்பார்கள். ஜனவரி பெற்றோர் கூட்டத்தில் பேசுங்கள்.

பதினொன்றாம் வகுப்பு வேண்டாம் என்பவருக்கு பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் இருக்கின்றன. மூன்று ஆண்டு டிப்ளமோ முடித்தால் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். தமிழ்வழியில் படித்தவருக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த ஒவ்வொரு பள்ளியின் பெயரையும் ஆண்டையும் பிள்ளை எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் தமிழ்வழியில் படித்ததற்கான சான்று வாங்க எளிது.

முடிவு வெளியாகும் நாளில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்களுக்குச் சால்வை போடும் நேரத்தில், தேறாத பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று ஓர் ஆசிரியர் மட்டுமாவது தேட வேண்டும். முந்தின நாளே அந்தப் பட்டியலைக் கணித்துவிடலாம்: யார் யார் எல்லைக்கோட்டில் இருந்தார்கள் என்பது கணக்கு ஆசிரியருக்குத் தெரியாதா? முடிவு வந்த ஒரு மணி நேரத்துக்குள் அந்த வீடுகளுக்குப் போன் போக வேண்டும். பிள்ளையிடம் முதல் வாக்கியம் "ஜூலையில எழுதிடலாம், நாளைக்குப் பள்ளிக்கூடம் வா" என்பதாக இருக்கட்டும். அம்மாவிடம் "இன்னிக்கு ராத்திரி தனியா விடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள்.

துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாள்களே தருவார்கள். பிள்ளை தானாக வந்து விண்ணப்பிக்கும் என்று காத்திருந்தால் தேதி போய்விடும். கட்டணத்தையும் கையில் வைத்துக்கொண்டு, தேறாத எல்லோரையும் ஒரே நாளில் வரவழைத்து விண்ணப்பித்துவிட வேண்டும். மே மாத வெயிலில் காலை 9 முதல் 12 வரை, தவறிய பாடத்துக்கு மட்டும், மேலே சொன்ன அந்த 35-இன் கூட்டலையே மீண்டும் எடுத்து வகுப்பு நடத்தினால் பெரும்பாலோர் ஜூலையில் தேறிவிடுகிறார்கள். அதே ஆண்டு பதினொன்றில் சேரவும் முடியும்.

ஜூன் மூன்றாம் வாரம் எமிஸில் காமன் பூலை, அதாவது ஒரு பள்ளியை விட்டு இன்னொன்றில் சேராத பிள்ளைகளின் பட்டியலை, திறந்து பாருங்கள். நம் பள்ளியில் டி.சி. வாங்கிய பிள்ளையின் பெயரை வேறு எந்தப் பள்ளியும் இழுத்துக்கொள்ளாமல் அங்கேயே கிடந்தால், அந்தப் பிள்ளை எங்கும் சேரவில்லை என்று பொருள். சுற்றியுள்ள நடுநிலைப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு முடித்தவர்களின் பட்டியலையும் அந்தத் தலைமையாசிரியர்களிடம் வாங்கி, நம் ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விடுபட்ட பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை, வேலைக்குப் போகும் முன் ஆறரை மணிக்கே போனால் வீட்டில் எல்லோரும் இருப்பார்கள்.